ஆரத்தித் தட்டில் சிவக்கும் மஞ்சள்

"மஞ்சத் தண்ணி குடிக்கறேன் கண்ணு, சர்க்கரை மாத்திரைய நிறுத்தீட்டேன்" என்று எங்கள் அம்முச்சி (அம்மாவின் அம்மா) சொன்ன நாளிலிருந்து இதை எழுத நினைத்திருந்தேன்.

ஈரோட்டு விரலி மஞ்சளை ஒடித்தால் ‘டக்’கென்று முறியும், உள்ளே ஆரஞ்சு நிறம். அந்த நிறம்தான் குர்குமின். தூளில் அது நூற்றுக்கு மூன்று பங்கு போலத்தான் இருக்கும்.

சர்க்கரை நோய், மாரடைப்பு, மூட்டுத் தேய்மானம் எல்லாவற்றிலும் உடலுக்குள் ஓர் அழற்சி (காயம் பட்டால் சிவந்து வீங்குகிறதே, அந்த வினை), சாம்பல் மூடிய கங்கு போல வருடக்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும். செல்லுக்குள் அதை ஊதிவிடுவதில் என்.எஃப். கப்பா-பி என்ற புரதத்துக்குப் பெரிய பங்கு உண்டு. ஆய்வகத்தில் வளர்த்த செல்களில் குர்குமின் அந்தப் புரதத்தை அடக்குகிறது. மஞ்சளின் புகழுக்கு அதுவே காரணம்.

ஆனால் வயிறு ஆய்வகம் அல்ல. ஆரத்தி கரைக்கும்போது மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு விழுந்ததும் சிவக்கிறதே, சுண்ணாம்பின் காரம் (மிளகாய்க் காரம் அல்ல, அமிலத்துக்கு எதிரான தன்மை) பட்டு குர்குமின் மாறுவதால் வரும் சிவப்பு அது. அவ்வளவு காரம்கூட வேண்டாம். ரத்தத்தில் இருப்பது போன்ற லேசான காரமுள்ள கரைசலில், உடல் சூட்டில், அரை மணி நேரத்தில் பத்தில் ஒன்பது பங்கு சிதைந்துவிடுகிறது. போதாததற்கு அது தண்ணீரில் கரையாது. தப்பி உள்ளே போவதையும் குடல் சுவரும் கல்லீரலும் வேறு பொருளாக மாற்றி வெளியே தள்ளிவிடுகின்றன.

இந்த வெளியேற்றத்தைத் தடுப்பது மிளகிலுள்ள பைப்பரின். 1998-இல் பெங்களூரு ஆய்வாளர்கள் 2 கிராம் குர்குமினோடு 20 மில்லிகிராம் பைப்பரின் கொடுத்தபோது, ரத்தத்தில் சேர்ந்த அளவு சுமார் 20 மடங்கு கூடியது. நம் அரிசியும்பருப்புஞ் சோற்றில் மஞ்சளும் மிளகும் ஒன்றாக வேகின்றன. மேலே நெய் வேறு. எனக்கு அதில் பெருமைதான். ஆனால் கணக்குப் பாருங்கள்: 2 கிராம் குர்குமினுக்கு 65 கிராமுக்கு மேல் மஞ்சள்தூள் வேண்டும். ஒருவர் சோற்றில் ஒரு கிராம் விழுந்தாலே அதிகம்.

அதனால்தான் குர்குமினை மாத்திரை வடிவில் விற்கிறார்கள். மூட்டுவலியில் ஓரளவு பலன் தெரிவதாகச் சிறு ஆய்வுகள் உண்டு. ஆனால் மிளகுச் சாறு சேர்த்த மாத்திரைகளால் சிலருக்குக் கல்லீரல் கெட்டதும் பதிவாகியிருக்கிறது. ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதைத் தொடவே கூடாது.

அம்முச்சியிடம் ஆரத்தித் தட்டை வைத்துத்தான் இத்தனையும் சொன்னேன். மறுநாள் காலை சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டு, மிளகைக் கொஞ்சம் தாராளமாகத் தட்டிப்போட்டு அரிசியும்பருப்பு வைத்தார்.