பதில் சொல்லச் சொல்ல வளரும் சந்தேகம்

தோல் மருத்துவர் ஒருவர் அனுப்பிவைத்ததால் அந்தப் பெண்மணி மனநல மருத்துவரான என்னிடம் வந்தார் (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்). விரல் முட்டிகள் வெளுத்து வெடித்து, ஓரிரு இடங்களில் ரத்தம் கசிந்திருந்தது. நாளொன்றுக்கு நாற்பது ஐம்பது முறை கை கழுவுபவருக்கு எந்தக் களிம்பும் பலன் தராது. "அவங்களுக்குச் சுத்தம் கொஞ்சம் ஜாஸ்தி டாக்டர்" என்றார் கணவர். வேலை முடிந்து வந்தால் வாசலிலேயே உடை மாற்றிக்கொண்டுதான் அவர் வீட்டுக்குள் நுழைய வேண்டும் என்பதும், "கால் கழுவினீங்களா, நல்லாக் கழுவினீங்களா" என்ற கேள்விக்குத் தினமும் பத்துப் பதினைந்து முறை பதில் சொல்ல வேண்டும் என்பதும் பேசப் பேசத்தான் தெரியவந்தன.

இதற்குப் பெயர் எண்ணச் சுழற்சி நோய். பலரும் ஓசிடி என்பார்கள். நூறு பேரில் ஒருவர் முதல் மூவர் வரை வாழ்நாளில் இதற்கு ஆளாகிறார்கள். வேண்டாத எண்ணம் ஒன்று மனத்துக்குள் திரும்பத் திரும்ப நுழைகிறது. அது தரும் பதற்றம் தாங்காமல் கழுவுகிறார்கள், பூட்டை இழுத்துப் பார்க்கிறார்கள், வீட்டாரிடம் கேட்டு உறுதிசெய்துகொள்கிறார்கள். செய்தவுடன் கிடைக்கும் அந்தச் சிறிது நேர நிம்மதியே நோய்க்குத் தீனியாகிறது. கணவர் அன்போடு சொன்ன ஒவ்வொரு பதிலும் அடுத்த கேள்விக்கு இடம் கொடுத்தது.

கை கழுவுவதாவது வெளியே தெரியும். சந்நிதி முன் நிற்கையில் ஆபாச எண்ணம் தோன்றுவதால் கோயிலுக்கே போகாமலிருக்கும் இளைஞரும், காய் நறுக்கும்போது குழந்தையைக் குத்திவிடுவோமோ என்று நடுங்கிக் கத்தியை ஒளித்துவைக்கும் தாயும் அதை யாரிடமும் சொல்வதில்லை. இத்தகைய எண்ணங்கள் நலமாக இருப்பவர்களுக்கும் வந்து போகின்றன என்பது 1978இலேயே ஆய்வில் தெரியவந்தது. தம் இயல்புக்கு நேர்மாறாக இருப்பதால்தான் அவை இவர்களை இவ்வளவு வதைக்கின்றன. ஆகவே தயவுசெய்து மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். பிரசவத்துக்குப் பின் வேறு தீவிர மனநோய்களும் வரக்கூடும் என்பதால், இளந்தாய்மார்கள் தாமதிக்காமல் மருத்துவரைப் பார்ப்பது அவசியம்.

பலன் தரும் சிகிச்சை இருக்கிறது. அஞ்சுவதை எதிர்கொண்டு, வழக்கமான செயலைச் செய்யாமல் பொறுத்திருக்கப் பழகும் முறையை லண்டனில் உளவியலாளர் விக்டர் மேயர் 1966இல் விவரித்தார். இந்தப் பெண்மணி முதலில் வாசல் கேட்டின் கொண்டியைத் தொட்டுவிட்டு, அரை மணி நேரம் கழுவாமல் இருக்க வேண்டும் என்று தொடங்கினோம். முதல் நாள் கடிகாரத்தையே பார்த்தபடி அழுதார். ஆனால் உச்சத்துக்குப் போன பயம் கழுவாமலேயே இறங்குவதையும் அன்றுதான் கண்டார். "இதுக்குப் பதில் சொல்ல வேண்டாம்னு டாக்டர்கிட்ட பேசியிருக்கோம்ல" என்று கோபப்படாமல் சொல்லக் கணவரும் பழகினார்.

மாத்திரைகளைப் பொறுத்தவரை, ஃப்ளுவாக்ஸெடின், செர்ட்ராலின் போன்றவை மனச்சோர்வுக்குக் கொடுப்பதைவிடப் பெரும்பாலும் கூடுதல் அளவில் தேவைப்படும். முழுப் பலன் தெரிய எட்டு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும் என்பதை அறியாமல், மூன்றாம் வாரத்தில் "கேட்கவில்லை" என்று நிறுத்திவிடுபவர்களே அதிகம் என்பது என் வருத்தம். இவை தூக்க மாத்திரைகள் அல்ல, போதைக்கு அடிமையாக்குவதும் இல்லை. குணம் தெரிந்தபின் குறைந்தது ஓராண்டாவது தொடர்ந்து, பிறகு மருத்துவர் சொல்படி மெல்லக் குறைக்க வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் சிகிச்சை பெறலாம். எங்கே போவது என்று தெரியாதவர்கள், 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட டெலி மானஸ் என்னும் அரசின் தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.

நான்காம் மாதம் வந்தபோது அவருடைய விரல்கள் ஆறியிருந்தன, கணவர் அலுவலக உடையோடு வீட்டுக்குள் வரத் தொடங்கியிருந்தார். சந்தைக் காய்கறிப் பையைத் தொட்டபின் வரும் தவிப்பு மட்டும் இன்னும் அடங்கவில்லை. இப்போது அதைத்தான் எடுத்துக்கொண்டிருக்கிறோம்.