சோப்புக்குக் கட்டுப்படாத சுரப்பி

நெற்றியில் இன்று மினுக்கும் எண்ணெய் இன்று உருவானதல்ல. ஏறக்குறைய இரண்டு வாரங்களுக்கு முன்பு, மயிர்க்காலை ஒட்டியிருக்கும் செபாசியஸ் சுரப்பியின் ஓரத்தில் ஒரு செல்லாகப் பிறந்தது அது. அந்தச் செல் கொழுப்பைச் சேர்த்துச் சேர்த்து உப்புகிறது. சுரப்பியின் நடுப்பகுதிக்கு நகர்கிறது. கடைசியில் வெடித்துச் சிதைகிறது. அப்படிச் சிதைந்த செல்களின் சரக்குதான் செபம் எனப்படும் எண்ணெய். இதில் பெரும்பகுதி டிரைகிளிசரைடுகளும் கொழுப்பு அமிலங்களும். மீதி மெழுகுப் பொருள்கள், ஸ்குவாலீன், கொஞ்சம் கொலஸ்டிரால்.

உள்ளங்கையையும் உள்ளங்காலையும் தவிர உடலெங்கும் இந்தச் சுரப்பிகள் உண்டு. முகத்திலும் தலையிலும் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 400 முதல் 900 வரை நெருக்கமாக அமைந்திருக்கின்றன. கன்னம் வறண்டு கிடக்கும்போதே நெற்றியும் மூக்கும் பளபளப்பதற்கு இந்த ஏற்றத்தாழ்வுதான் காரணம்.

சுரப்பிக்கு உத்தரவு போடுபவை ஆண்ட்ரோஜன் ஹார்மோன்கள். ஆண்கள், பெண்கள் இருபாலருக்கும் இவை உண்டு. டெஸ்டோஸ்டிரோன் சுரப்பிக்குள்ளேயே வீரியம் மிகுந்த வேறொரு வடிவத்துக்கு மாறி, கொழுப்பு உற்பத்தியைத் தூண்டிவிடுகிறது. பருவ வயதில் முகம் திடீரென்று எண்ணெய் வழியத் தொடங்குவதும், மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கு அது குறைவதும் இதனால்தான். பரம்பரைக்கும் பங்கு உண்டு. வெப்பம் கூடினாலும் எண்ணெய் வெளியேறும் வேகம் கூடுகிறது.

அடிக்கடி முகம் கழுவினால் சுரப்பி பதிலுக்கு இன்னும் அதிகமாகச் சுரக்கும் என்று பலர் நம்புகிறார்கள். இதற்கு வலுவான ஆதாரம் இல்லை. கழுவிய சில மணி நேரத்தில் மீண்டும் பளபளப்பு வருவது, சுரப்பி எப்போதும்போல் வேலை செய்துகொண்டிருப்பதால். அதற்காக நாள் முழுவதும் கழுவிக்கொண்டே இருக்கலாமா? கூடாது. காரணம் வேறு.

தோலின் வெளியடுக்கைச் செங்கல் சுவராக எண்ணிக்கொள்ளுங்கள். இறந்த செல்கள் செங்கற்கள். செராமைடு முதலிய கொழுப்புகள் அவற்றுக்கு இடையிலான சாந்து. அமில, காரத் தன்மையைக் காட்டும் பிஎச் அளவு தோலில் 5 வாக்கில் இருக்கிறது. சாதாரண சோப்பு 9 அல்லது 10. வழுக்கும் எண்ணெயோடு சாந்தையும் சோப்பு அரித்துவிடுகிறது. கழுவிய பின் முகம் இறுக்கமாக இழுப்பதைச் சுத்தம் என்று நினைப்பவர்களைப் பார்க்கும்போது உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. தோல் ஈரத்தை இழக்கும் வேளையில் தோன்றும் உணர்வு அது. மேலே எண்ணெய், உள்ளே வறட்சி என்ற நிலை பலருக்கு இப்படித்தான் வருகிறது.

எனவே மென்மையான ஃபேஸ்வாஷால் காலையிலும் இரவிலும் கழுவினால் போதும். நன்றாக வியர்த்தால் இன்னொரு முறை. இடையில் பளபளத்தால் டிஷ்யூ தாளால் ஒற்றி எடுக்கலாம். ஜெல் வகை மாய்ஸ்சரைசரைத் தவிர்க்கவே வேண்டாம்: செபம் எண்ணெய்தான், தோலுக்குத் தேவையான நீரை அது தராது. சன்ஸ்கிரீனுக்கும் இதே கதைதான். துளைகளை அடைக்காத, நீர்த்தன்மையுள்ள வகையைத் தேர்ந்தெடுங்கள். எலுமிச்சைச் சாற்றை நேரடியாகப் பூசுவது எரிச்சலையும் புண்ணையும்தான் தரும்.

கண்ணாடிக்கு அருகில் சென்று மூக்கைப் பாருங்கள். வரிசையாகச் சாம்பல் நிறப் புள்ளிகள் தெரியும். பலர் இவற்றை அழுக்கு என்று எண்ணிப் பிதுக்குகிறார்கள். துளைக்குள் எண்ணெயும் உதிர்ந்த செல்களும் சேர்ந்த மெல்லிய இழைகள் இவை, எல்லோருக்கும் உண்டு. பிதுக்கினால் சில வாரங்களில் மறுபடி நிரம்பும். நிஜமான கரும்புள்ளி வேறு: அது துளையை அடைத்துக்கொண்ட முளை. அதன் கருமைக்கும் அழுக்குக்கும் சம்பந்தமில்லை. காற்றுபட்டு நிறம் மாறிய மெலனின் என்ற தோல் நிறமியும் கொழுப்பும்தான் அப்படித் தெரிகின்றன.

இங்கேதான் சாலிசிலிக் அமிலம் கைகொடுக்கிறது. எண்ணெயில் கரையும் தன்மையால் துளைக்குள் இறங்கி, ஒட்டிக்கிடக்கும் செல்களைத் தளர்த்துகிறது. 2% வரையிலான அளவே போதும். வாரத்துக்கு இரண்டு மூன்று நாளில் தொடங்குங்கள். சுரப்பியையே சுருக்கும் மருந்து ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை. கருவைக் கடுமையாகப் பாதிக்கக்கூடியது என்பதால் அதை மருத்துவரின் கண்காணிப்பில் மட்டுமே எடுக்க வேண்டும்.

பருவ வயதெல்லாம் கடந்த ஒரு பெண்ணுக்குத் திடீரென எண்ணெய்ப் பசை கூடி, மாதவிடாயும் தவறி, முகத்தில் முரட்டு முடியும் வளர்ந்தால், அழகுசாதனக் கடையில் தீர்வு தேட வேண்டாம். சினைப்பையில் நீர்க்கட்டிப் பிரச்சினை எனப்படும் பிசிஓஎஸ் காரணமாக இருக்கலாம். மருத்துவரிடம் சென்று ஹார்மோன் அளவுகளைப் பரிசோதித்துக்கொள்வது அவசியம்.