இண்டல்ஜென்ஸ்: பாவமன்னிப்புச் சீட்டா, பலனா?

மார்ட்டின் லூத்தர் 1517இல் எதைக் கண்டித்தார் என்று கேட்டால், பள்ளி மாணவர் முதல் போட்டித் தேர்வு எழுதுபவர் வரை ஒரே விடைதான்: பாவமன்னிப்புச் சீட்டு விற்பனையை. இந்தத் தொடரில் 'பாவமன்னிப்பு' முழுப் பிழை, 'சீட்டு' பாதிப் பிழை.

இப்படி நாம் மொழிபெயர்க்கும் ஆங்கிலச் சொல் 'இண்டல்ஜென்ஸ்'. அதன் மூலம் 'இண்டுல்ஜென்சியா' என்ற லத்தீன் சொல். கனிவு, விட்டுக்கொடுத்தல் என்று பொருள். ரோமைச் சட்டத்தில் வரித் தள்ளுபடியையும் தண்டனை விலக்கையும் குறித்தது. திருச்சபை எடுத்துக்கொண்டது இந்தச் சட்டப் பொருளைத்தான். 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 992ஆம் விதிப்படி, குற்றப்பழி ஏற்கெனவே மன்னிக்கப்பட்ட பாவங்களுக்காக அனுபவிக்க வேண்டிய தற்காலிகத் தண்டனையைக் கடவுள் திருமுன் நீக்குவதே இண்டல்ஜென்ஸ்.

'ஏற்கெனவே மன்னிக்கப்பட்ட' என்பதைக் கவனிக்க வேண்டும். மன்னிப்பு பாவசங்கீர்த்தனத்தில், அதாவது குருவிடம் பாவங்களை அறிக்கையிடும்போதே, கிடைத்துவிடுகிறது. அயலான் வரப்பை வெட்டியவன் மன்னிப்புக் கேட்டால் அயலான் மன்னிக்கலாம். ஆனாலும் வரப்பை மறுபடி அணைப்பது வெட்டியவன் கடமை. அந்த மிச்சக் கடனைத்தான் இண்டல்ஜென்ஸ் தொடுகிறது. மன்னிக்கப்படாத சாவான பாவத்தோடு (கனமான பாவத்தோடு) இருப்பவருக்கு அது கிடைக்கவே கிடைக்காது. அப்படியிருக்க அதற்குப் 'பாவமன்னிப்பு' என்று பெயரிடுவது எப்படிப் பொருந்தும்?

'சீட்டு' என்பதற்கு மட்டும் ஓர் ஆதாரம் உண்டு. காணிக்கை கொடுத்தவர்களுக்கு அச்சிட்ட பத்திரங்கள் வழங்கப்பட்டன. 1454ஆம் ஆண்டிட்ட பத்திரங்கள் இன்றும் உள்ளன. தாம் விரும்பும் குருவிடம் பாவசங்கீர்த்தனம் செய்து இண்டல்ஜென்ஸ் பெறும் உரிமையை அவை தந்தன. பணம் புகுந்து கெடுத்தது உண்மை. போதகர்கள் மிகைப்படுத்தியதும் உண்மை. கத்தோலிக்க ஆயர்களின் பொதுச்சங்கமான திரிதெந்து சங்கம் 1563இல் அந்த முறைகேடுகளைக் கண்டித்தது. 1567இல் திருத்தந்தை (போப்) ஐந்தாம் பத்திநாதர் பணம் சார்ந்த இண்டல்ஜென்ஸ்களையே ரத்து செய்தார். விற்கப்பட்டது பத்திரம். அதன் பெயரைக் கோட்பாட்டின் தலையில் கட்டியதுதான் தவறு.

தமிழ்க் கத்தோலிக்கரிடம் நல்ல சொல் முன்பே இருக்கிறது: பலன். முழுத் தண்டனையும் நீங்கினால் பரிபூரண பலன், ஒரு பகுதி நீங்கினால் குறைபலன். இப்போது பரவும் 'நிறைபேறுபலன்' எனக்கு உடன்பாடில்லை. 'பேறுபலன்' என்பது, பாவத்துக்கு வருந்திச் சொல்லும் மனஸ்தாப மந்திரத்தில் ஊறிய சொல். ஒருவர் தம் நற்செயலால் ஈட்டும் தகுதி என்ற பொருள் அதில் உண்டு. இண்டல்ஜென்ஸ் நம் ஈட்டல் அல்ல; கிறிஸ்துவும் புனிதர்களும் சேர்த்த புண்ணியக் கருவூலத்திலிருந்து திருச்சபை பகிர்ந்தளிப்பது. வடசொல்லை விலக்குவதற்காகக் கருத்தைக் குழப்பக் கூடாது. 'நிறைபலன்' என்றால் தமிழும் தெளியும், குழப்பமும் வராது. 'சலுகை' என்று மொழிபெயர்ப்பவர்கள் அகராதியின் முதல் வரியோடு நிறுத்திவிட்டார்கள்.

பரிபூரண பலனைப் பெறும் நிபந்தனைகளே பொருளைக் காட்டும். குறித்த செயலோடு பாவசங்கீர்த்தனம், நற்கருணை, திருத்தந்தையின் கருத்துக்காகச் செபம், அற்பப் பாவத்தின்மீதுகூடப் பற்றின்மை ஆகியவை வேண்டும். இந்தப் பற்றின்மை குறைந்தால் பரிபூரண பலன் குறைபலனாகிவிடும். நாளொன்றுக்கு ஒரு பரிபூரண பலன் மட்டுமே. மரண வேளை மட்டும் விலக்கு. நவம்பர் 1 முதல் 8 வரை கல்லறையைச் சந்தித்து இறந்தோருக்காகச் செபித்துப் பெறும் பரிபூரண பலன் உத்தரிக்கிற ஸ்தலத்து ஆன்மாக்களுக்கு, அதாவது இறந்தபின் தூய்மை பெறும் நிலையில் இருப்பவர்களுக்கு, மட்டுமே உரியது.

பழைய ஜெபப் புத்தகங்களில் வரும் '300 நாள் பலன்' என்பதை, உத்தரிக்கிற ஸ்தலத்தில் 300 நாள் குறையும் என்று படித்தவர்கள் பலர். ஆதித் திருச்சபையில் 300 நாள் செய்த தவத்துக்கு ஈடான தணிப்பு என்பதே பொருள். இந்தக் குழப்பத்துக்கு இடம் தந்த நாள் கணக்கை திருத்தந்தை ஆறாம் பவுல் 1967இல் எடுத்துவிட்டார். பாடநூல் எழுதுவோர் பத்திரத்தைக் குறிக்கும் இடத்தில் 'தண்டனைக் குறைப்புப் பத்திரம்' என்றும், கோட்பாட்டைக் குறிக்கும் இடத்தில் 'பலன்' என்றும் எழுதலாம்.