அணிய அதிர்ச்சி அலை: வில் அல்ல, படகின் முன்பக்கம்

மழை விட்ட கையோடு தோட்டத்து லயத்துக்குப் பின்னால் உள்ள வடிகானைப் போய்ப் பாருங்கள். சரிவில் இறங்கும் தண்ணீர் விரலளவு ஆழம்கூட இருக்காது, ஆனால் நல்ல வேகம். அதில் உருண்டைக் கல்லொன்றை வையுங்கள். கல்லைத் தொடுவதற்குச் சற்று முன்பே தண்ணீர் வளைந்த வரப்பாக எழுந்து நிற்கும். ஒலியைவிட வேகமாக வரும் வாயு, மழுங்கிய முகமுள்ள பொருளைச் சந்திக்கும்போதும் முன்னால் இப்படியொரு வரப்பு எழும். ஆங்கிலத்தில் அதன் பெயர் 'பவ் ஷொக்'.

ஹட்டனில் என்னிடம் உயர்தரம் படிக்கும் ஒரு பிள்ளை இதை 'வில் அதிர்வு' என்று எழுதியிருந்தாள். "வில் மாதிரித்தானே சேர் வளைஞ்சிருக்கு?" என்றும் கேட்டாள். வடிவத்தைப் பார்த்தால் சரிதான். ஆனால் ஆங்கிலத்தில் ஒரே எழுத்துக்கூட்டில் இரண்டு சொற்கள் இருக்கின்றன. வில்லைக் குறிப்பது 'போ'. அது வளைதலிலிருந்து வந்தது. கப்பலின் முன்பக்கத்தைக் குறிப்பது 'பவ்'; தோள் என்று பொருள்படும் பழைய ஜெர்மானியச் சொல்லின் உறவு அது. இங்கே இருப்பது இரண்டாவது. கப்பல் நீரைக் கிழித்துப் போகும்போது முன்னால் எழும் அலைதான் பெயருக்குக் காரணம். 1887இல் இயற்பியலாளர்கள் ஏர்ன்ஸ்ட் மாக்கும் பீட்டர் சால்ச்சரும் வெளியிட்ட, பறக்கும் துப்பாக்கிக் குண்டின் படங்களில் அந்தச் சாயலைக் கண்ணாலேயே காணலாம்.

படகின் முன்பக்கத்துக்குக் கரையோர மீனவரிடம் அருமையான சொல் இருக்கிறது: அணியம். மலையில் வளர்ந்த எனக்கு அது தெரிய நாளாயிற்று. 'அதிர்வு' என்பதையும் விட்டுவிடலாம். நம் பாடநூல்களில் அது முன்னும் பின்னும் ஆடுவதைக் குறிக்கிறது. இதுவோ அழுத்தமும் வெப்பமும் ஒரே எட்டில் ஏறும் இடம். ஆகவே, அணிய அதிர்ச்சி அலை.

கூடவே வரும் இன்னும் இரண்டு சொற்கள். ஒலியைவிட வேகமானதைச் சொல்லும் 'சுப்பர்சொனிக்' என்பதற்கு மீயொலி போதும். ஸ்கேனில் வரும் 'அல்ட்ராசவுண்ட்' ஒலியை இங்கே நாம் கழியொலி என்பதால் இரண்டும் குழம்பாது. 'பிளன்ட் பொடி' என்பது மழுமுனைப் பொருள். கவ்வாத்துக் கத்தி மழுங்கினால் எப்படி இருக்கும் என்று தோட்டத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

சரி, அந்த ஓட்டத்தில் தூசி கலந்திருந்தால்? நுண்ணிய துணிக்கைகள் வாயுவோடு சேர்ந்தே வளைந்து போய்விடும். பருத்த துணிக்கைக்கு அது முடியாது. அலையைத் தாண்டி நேரே வந்து பொருளில் மோதும். மோதித் தெறித்தது அலையைத் துளைத்துக்கொண்டு, எதிரே வரும் ஓட்டத்துக்குள்ளேயே போகும். அதன் முதுகுக்குப் பின்னால் ஓட்டம் தளர்ந்துவிடும். அந்தத் தளர்ந்த வழியே வாயு பின்னோக்கிப் பாய, வளைந்திருந்த அலை கூம்பாக நீளும். கூம்பும் பழைய அலையும் சந்திக்கும் இடத்திலிருந்து கிளம்பும் தாரை பொருளின் மேற்பரப்பில் அடித்து, அந்த இடத்தைக் கடுமையாகச் சூடாக்கும். இதற்குக் 'குலைவு' என்ற சொல்லே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. கலக்கம் என்றால் வடிவம் மாறுவது விளங்காது. தூசி நிறைந்த செவ்வாயின் வளிமண்டலத்தில் இறங்கும் கலங்களுக்கு இந்தக் குலைவு கணக்கில் எடுக்கவேண்டிய விஷயம்.

கானில் இதன் சாயலைப் பார்க்க ஓர் ஈர்க்குப் போதும். கல்லுக்கு முன்னால், வரப்புக்கு மேற்புறத்தில் அதை நட்டுப் பிடியுங்கள். ஈர்க்கிலிருந்து இரண்டு கோடுகள் விரிந்துபோய் வரப்பில் முட்டும். முட்டிய இடத்தில் வரப்பு உருக்குலையும். ஈர்க்கை எடுத்தால் மறுபடி வளைந்து கல்லின் முன் வந்து நிற்கும்.