படகு சுகமா ஆடுதுன்னு சந்தோசப்படாதீங்க

ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், அது முடிஞ்சு படகெல்லாம் கடல்ல எறங்குன கையோட, படகு கவுராம நிக்குமான்னு கணக்குப் பார்க்கிற எனக்கு போன் வர ஆரம்பிச்சிரும். இந்தத் தடவ வந்தது மண்டபம் பக்கத்துல இருந்து. 15 மீட்டர் விசைப்படகு, மடி (இழுத்துப் பிடிக்கிற வலை) கடலடியில எதுலயோ மாட்டிக்கிட்டு படகு ஒரு பக்கமா சாஞ்சிருக்கு, சாஞ்சது நிமிரவே இல்ல, தளத்தோட ஓரம் தண்ணிக்குள்ள போயிருச்சு, யாரோ ஒருத்தர் எட்டிப் போய் வின்ச் (மடியை இழுக்கிற உருளை) பிரேக்கை விட்டதுனாலதான் எல்லாரும் வீடு வந்து சேர்ந்தாங்க. ஒரு பையனுக்கு மட்டும் கை ஒடிஞ்சிருச்சு.

போய்ப் பார்த்தேன். பார்த்த உடனே வயிறு எரிஞ்சிருச்சு. வீல் ஹவுஸ் கூரை மேல 1000 லிட்டர் கருப்பு தண்ணி டேங்க், நாலு பக்கமும் நைலான் கயித்தால இழுத்துக் கட்டியிருக்கு. அதுக்குப் பக்கத்துல ரெண்டு பேட்டரி, சோலார் பேனல், பழைய மடி ஒரு குவியல். படுக்கறதுக்குன்னு புதுசா ஒரு தடுப்பு வேற. இது போதாதுன்னு ஏராவுக்கு (படகோட அடிக்கட்டைக்கு) ரெண்டு பக்கமும் அடியில போட்டிருந்த சிமெண்ட் கட்டையை எல்லாம் எடுத்து வெளிய போட்டாச்சு, கேட்டா வேகம் கூடும்னு யாரோ சொன்னாங்களாம். ஒருநாள் தொழிலுக்குப் போயிட்டு மறுநாள் காலையில கரைக்கு வர்ற படகுக்கு தலை உச்சியில எதுக்கு ஒரு டன் தண்ணி?

சம்மாட்டி (படகு ஓனர்) சொன்னதுதான் இந்தக் கட்டுரைக்கே காரணம். "வேலை பார்த்த பிறகு படகு ரொம்ப நல்லா இருந்துச்சு சார், முன்ன வெடுக்கு வெடுக்குன்னு ஆடும், நிக்க முடியாது, இப்ப தொட்டில் மாதிரி மெதுவா ஆடிச்சு, அதனாலதான் ஓடாவிக்கு (படகு தச்சருக்கு) வேட்டி சட்டை எடுத்துக் கொடுத்தோம்" அப்படின்னாரு.

ராமேஸ்வரம், பாம்பன், தொண்டி, கீழக்கரை, எங்க போனாலும் இதே பேச்சுதான். மெதுவா ஆடுற படகு நல்ல படகு, வெடுக்குன்னு நிமிர்ற படகு மோசமான படகு. அண்ணன்மாரே, இது அப்படியே தலைகீழ். மெதுவா ஆடுதுன்னா படகை நிமித்துற பலம் கொறஞ்சு போச்சுன்னு அர்த்தம். வெடுக்குன்னு திரும்புற படகுக்கு நிமிர்றதுக்குத் தெம்பு இருக்கு, அதான் அவ்வளவு வெரசா திரும்புது. ஒரு பக்கம் சாஞ்சு, கொஞ்ச நேரம் அங்கேயே நின்னு யோசிச்சு, அப்புறமா மெல்ல எந்திரிக்குதுல்ல, அதைத்தான் நீங்க சுகம்னு சொல்றீங்க. அந்த நிக்கிற நேரத்துல இன்னொரு அலையோ மாட்டுன மடியோ கூட ஒரு இழு இழுத்தா கதை முடிஞ்சது.

எங்க தொழில்ல இதை ஜிஎம்னு சொல்லுவோம், படகோட எடைமையத்துக்கும் மெட்டாசென்டர்ங்கிற புள்ளிக்கும் (படகு லேசா சாயும்போது தண்ணி மேல தூக்குற விசை படகோட நடுக்கோட்டை வெட்டுற எடம்) நடுவுல இருக்கிற உயரம். பியேர் பூகேர்ங்கிற பிரெஞ்சுக்காரர் 1746-லயே இதை எழுதி வச்சிட்டாரு, ஒன்னும் புது விஷயம் இல்ல. ஒருதளம் உள்ள மீன்பிடிக் கப்பலுக்கு இது 35 சென்டிமீட்டருக்குக் கீழ போகக்கூடாதுன்னு உலக அளவுல விதியே இருக்கு. மேல பாரம் ஏத்த ஏத்த எடைமையம் மேல போகும், ஜிஎம் கொறையும், படகு மெதுவா ஆடும். அவ்வளவுதான் விஷயம்.

நம்ம படகு கணக்கையே போட்டுப் பாருங்க. 40 டன் படகு, அகலம் 5 மீட்டர், ஜிஎம் 64 சென்டிமீட்டர்னு வைங்க. எடைமையத்துல இருந்து 3 மீட்டர் உயரத்துல ஒன்றரை டன் ஏத்துனா எடைமையம் 11 சென்டிமீட்டர் மேல ஏறிரும். அடியில கெடந்த 2 டன் சிமெண்டை எடுத்தா இன்னொரு 6 சென்டிமீட்டர். மொத்தத்துல ஜிஎம் 47-க்கு வந்துருச்சு, அதாவது நிமிர்ற பலத்துல கால்வாசி போச்சு. ஆனா படகுல நிக்கிற உங்களுக்கு என்ன தெரியும்? முன்ன ஒரு ஆட்டத்துக்கு 5 விநாடி ஆச்சு, இப்ப கிட்டத்தட்ட 6 விநாடி ஆகுது. ஒரு விநாடிதான் வித்தியாசம்! அதான் எல்லாரும் ஏமாந்து போறாங்க. ஆடுற நேரம் ரெண்டு மடங்கு ஆச்சுன்னா பலம் பாதியா கொறையாது, நாலுல ஒரு பங்காயிரும். இதை நான் கரையில வச்சு எத்தனை பேருக்கு மணல்ல எழுதிக் காட்டியிருப்பேன்னு தெரியல, தலையாட்டிட்டு மறுவருசம் டேங்கைப் பெருசாக்கிட்டு வர்றாங்க.

இன்னொன்னு, இந்த 47 கரையில நிக்கும்போது இருக்கிற கணக்கு. திரும்பி வரும்போது அடியில இருந்த டீசல் எரிஞ்சு போயிருக்கும், ஐஸ் உருகி கிடங்குல தண்ணி அங்கிட்டும் இங்கிட்டும் ஓடும், மீன் தளத்து மேல குமிஞ்சு கெடக்கும், கூரை டேங்க் பாதி காலியாகி அதுலயும் தண்ணி அலையும். அதனால கஷ்டமான நேரம் போறப்ப இல்ல, வர்றப்பதான். வாடைக்காத்து காலத்துல வடக்க இருந்து ராமேஸ்வரத்துக்குத் திரும்புறீங்க, அலை பின்னாலயே வருது, அலையோட உச்சி படகு நடுவுல வந்து நிக்கிற அந்தக் கொஞ்ச நேரம் இருக்கிற பலமும் கொறைஞ்சிரும். பெண் கடல் (பாக் நீரிணைப் பக்கத்துக் கடல்), ஆழம் இல்ல, ஒன்னும் பண்ணாதுன்னு அசட்டையா இருக்காதீங்க. ஆழம் இல்லாத கடல்லதான் அலை குட்டையா, செங்குத்தா, அடுத்தடுத்து வரும்.

உங்க படகு எப்படி இருக்குன்னு தெரிஞ்சுக்க என்னைக் கூப்பிடணும்னு அவசியமே இல்ல. காத்து இல்லாத காலை நேரமா பாருங்க. டீசல், ஐஸ், மடி எல்லாம் வழக்கமா போற மாதிரி இருக்கட்டும். ஜெட்டி ஓரம் வேணாம், அங்க ஏரா தரைக்குப் பக்கத்துல இருக்கும், கணக்கு தப்பா வரும், கொஞ்சம் ஆழமா இருக்கிற எடத்துக்குக் கொண்டு போய் கயித்தைத் தளர்த்தி விடுங்க. ஆளுங்க எல்லாரும் சேர்ந்து அங்கிட்டும் இங்கிட்டும் நடந்து படகை ஆட வைங்க, நல்லா ஆட ஆரம்பிச்ச உடனே எல்லாரும் நடுவுல வந்து அசையாம நிக்கணும். இப்ப போன்ல நேரத்தை ஓட விடுங்க. இடது பக்கம் முழுசா சாஞ்ச எடத்துல இருந்து வலது பக்கம் போய் மறுபடி இடது பக்கம் வந்தாத்தான் ஒரு ஆட்டம். இதுலதான் பாதிப் பேர் தப்பு பண்றாங்க, இடதுல இருந்து வலதுக்குப் போனதையே ஒன்னுன்னு எண்ணிட்டு "மூணு விநாடிதான் சார், சூப்பர்"ங்கிறாங்க. அது ஆறு! அஞ்சு ஆட்டத்துக்கு எவ்வளவு ஆகுதுன்னு பார்த்து அஞ்சால வகுத்துக்கங்க, மூணு தடவ செஞ்சு பாருங்க.

வந்த விநாடி படகோட அகலத்து மீட்டரை விட கம்மியா இருந்தா ஓரளவு நிம்மதி. 5 மீட்டர் அகலத்துக்கு நாலரை விநாடி, சரி. ஆறு ஆறரை வந்துச்சுன்னா தயவுசெஞ்சு அன்னைக்கு கடலுக்குப் போகாதீங்க, மேல இருக்கிறதை எறக்குங்க. இது ஒரு தோராயமான அளவுகோல்தான், படகு எவ்வளவு தாழ்ந்து கெடக்கு, மடி எந்த உயரத்துல இருந்து இழுக்குது, இதெல்லாம் இதுல வராது. சின்ன பைபர் வல்லத்துக்கும் இது சரிப்பட்டு வராது, அதுல உக்காந்து போறதும் பாரத்தை அடியில வைக்கிறதும்தான் பாதுகாப்பு.

ஆளை ஓட விட்டுப் பார்க்கிற இந்தச் சோதனை ரொம்பப் பழசு. 1628-ல ஸ்வீடன்ல வாசான்னு ஒரு போர்க்கப்பல், கெளம்புறதுக்கு முன்னாடி 30 பேரை தளத்துல அங்கிட்டும் இங்கிட்டும் ஓட விட்டாங்க, கப்பல் ஆடுன ஆட்டத்தைப் பார்த்து பயந்து பாதியில நிறுத்திட்டாங்க. சோதனையை நிறுத்துனாங்களே தவிர கப்பல் கெளம்புறதை நிறுத்தல. ஆகஸ்ட் 10-ந் தேதி ஸ்டாக்ஹோம் துறைமுகத்துலயே, கொஞ்ச தூரம் கூட போகாம கவுந்து போச்சு.

ஆட்டம் தாங்க முடியல, ஆளுங்க நிக்க முடியலன்னு சொல்றதும் நியாயம்தான், நான் இல்லைங்கல. ரொம்ப வெடுக்குன்னு ஆடுனா ஆள் விழுவான், இடுப்பு போயிரும். அதுக்கு வழி மேல பாரம் ஏத்துறது இல்ல. அடியில ரெண்டு பக்க வளைவுலயும் நீளவாக்குல பட்டை அடிங்க, பில்ஜ் கீல்னு சொல்றது. அது ஆட்டத்தை மட்டும் அமத்தும், நிமிர்ற பலத்தைத் தொடாது. கரையேத்தியிருக்கும்போதே செஞ்சிரலாம், செலவும் மேல கேபின் கட்டுறதை விட கம்மி.

தண்ணி டேங்கை தளத்துக்குக் கீழ கொண்டு போங்க. சிமெண்டை எடுத்திருந்தா திரும்பப் போடுங்க, அசையாம இறுக்கிப் போடுங்க. ஐஸ் கிடங்குல நடுவுல நீளவாக்குல தடுப்பு வைங்க. எறா (இறால்) வெளிய போகுதுன்னு தண்ணி வடியிற ஓட்டையில சாக்கைத் திணிக்காதீங்க, வலைத்துண்டு வச்சு கட்டுங்க, 6 மீட்டருக்கு 4 மீட்டர் தளத்துல 10 சென்டிமீட்டர் தண்ணி நின்னாலே 2.4 டன். மடி மாட்டுச்சுன்னா இன்ஜினை கூட்டி இழுத்துப் பார்க்கிற வேலையே வேணாம், முதல்ல கியரை எடுத்துட்டு வின்ச்சைத் தளர்த்துங்க. பிரேக் பக்கத்துல எப்பவும் ஒரு ஆள் நிக்கணும், அந்த வழியில பெட்டி, கூடை எதுவும் கெடக்கக் கூடாது.

சோதனை பண்ணி வந்த விநாடியை தேதியோட வீல் ஹவுஸ் உள் செவுத்துல பெயிண்டால எழுதி வைங்க. ஒவ்வொரு தடைக்காலம் முடிஞ்சும் அதுக்குக் கீழயே புது நம்பரை எழுதுங்க, போன வருசத்தை விட கூடியிருந்துச்சுன்னா கடலுக்குப் போக டோக்கன் வாங்குறதுக்கு முன்னாடி மேல என்ன புதுசா ஏறியிருக்கு, அடியில இருந்து என்ன போயிருக்குன்னு சம்மாட்டியும் டிரைவரும் சேர்ந்து பாருங்க.