இன்டர்பெல்லேஷன்: வினா எழுப்புவதா, தட்டிக்கேட்பதா?

போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் இந்த வரியைக் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பிப்பார்கள்: 1892-ஆம் ஆண்டு இந்தியக் கவுன்சில்கள் சட்டம், சட்டசபை உறுப்பினர்களுக்கு இன்டர்பெல்லேஷன் உரிமையை வழங்கியது. சரி, அது என்ன உரிமை என்று கேட்டால் பாதிப் பேர் "கேள்வி கேட்கிறது" என்பார்கள். பதில் தப்பில்லை. ஆனால் கேள்வி கேட்பதற்கு எதற்கு இத்தனை பெரிய சொல்?

லத்தீனில் 'இன்டர்' என்றால் இடையே. 'பெல்லாரே' என்ற பின்பாதி, தள்ளுவது, விரட்டுவது என்ற பொருளுள்ள வேரோடு உறவுடையது. ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போது நடுவில் புகுந்து மறிப்பதுதான் 'இன்டர்பெல்லாரே'. பிரெஞ்சுக்காரர்கள் அதை நாடாளுமன்றத்துக்குள் கொண்டுபோனார்கள். அங்கே மூன்றாம் குடியரசுக் காலத்தில் (1870-1940) ஓர் உறுப்பினர் அமைச்சரை இப்படி மறித்துக் கேட்டால், அமைச்சர் பதில் சொல்லி உட்கார்ந்துவிட முடியாது. விவாதம் நடக்கும், முடிவில் வாக்கெடுப்பு வரும். அதில் தோற்று வீட்டுக்குப் போன அமைச்சரவைகள் பல. பின்லாந்தில் இன்றும் இருபது உறுப்பினர்கள் கையெழுத்திட்டால் அரசு அவைக்கு வந்து பதில் சொல்லி, நம்பிக்கை வாக்கெடுப்பையும் சந்திக்க வேண்டும். அவர்கள் அதற்கு வைத்திருக்கும் 'வெலிகிசிமிஸ்' என்ற சொல்லுக்கு நேர்ப்பொருள் இடைக்கேள்வி.

பிரெஞ்சுச் செய்தித்தாள்களில் இப்போது இந்தச் சொல்லைப் பார்த்தால் பெரும்பாலும் போலீஸ் செய்தியாக இருக்கும். தெருவில் ஒருவரை நிறுத்திப் பிடிப்பதற்கும் இதே வினைதான். சிறுபத்திரிகை வாசகர்களுக்கு பிரெஞ்சு மார்க்சியச் சிந்தனையாளர் அல்தூசர் நினைவுக்கு வருவார். "ஏய், நீதான்!" என்று போலீஸ்காரர் கூப்பிட, திரும்பிப் பார்ப்பவன் அந்தக் கணத்திலேயே பிடிபட்டுவிடுகிறான் என்றாரே, அந்தக் கோட்பாட்டின் பெயரும் இதுதான். மூன்று இடத்திலும் அடிப்படை ஒன்று: போகிறவனை நிறுத்தி, முகத்துக்கு நேரே கேட்பது.

இப்போது இந்தியாவுக்கு வருவோம். 1853-க்குப் பிறகு கல்கத்தாவில் கூடிய சட்ட கவுன்சில், கவர்னர் ஜெனரல் டல்ஹவுசி காலத்தில், ஒரு குட்டிப் பார்லிமென்ட் மாதிரி நிர்வாகத்தைக் கேள்வி கேட்கத் தொடங்கியது. லண்டனுக்கு அது ரசிக்கவில்லை. 1861 சட்டம் கவுன்சிலின் வேலையை மசோதாக்களோடு நிறுத்திவிட்டது. முப்பது வருடம் கழித்துத்தான் 1892 சட்டம் வாயைத் திறக்க விட்டது. அதுவும் எப்படி? முன்கூட்டியே அறிவிப்புக் கொடுக்க வேண்டும். தலைவர் வேண்டாம் என்றால் கேள்வி தள்ளுபடி. பதில் வந்த பிறகு அதைப் பற்றி விவாதிக்கக் கூடாது, அதிலிருந்து இன்னொரு கேள்வி கிளப்பவும் கூடாது. வாக்கெடுப்பு என்ற பேச்சே இல்லை.

இடைமறிப்பு என்ற பெயரில், எதையும் மறிக்க முடியாத ஓர் உரிமை. சொல்லைப் பாரிஸிலிருந்து எடுத்துக்கொண்டு அதன் பல்லைப் பிடுங்கிவிட்டுத்தான் கல்கத்தாவில் கொடுத்தார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. அந்த மசோதாவைக் காமன்ஸ் சபையில் எடுத்துச் சென்றவர் அப்போது இந்திய விவகாரத் துணைச் செயலராக இருந்த கர்சன், பிற்பாடு வைஸ்ராயாக வந்த அதே கர்சன். கேள்வி உரிமை முதலில் அரசுக்கே நல்லது, தன் கொள்கையை விளக்கவும் தன்மேல் விழும் அவதூறுகளுக்கு மறுப்புச் சொல்லவும் அரசுக்கு வேறு மேடை இல்லை என்பது அவர் வாதம். கேட்பவனுக்குக் கொடுத்த உரிமையைப் பதில் சொல்பவனின் வசதியாகப் பார்த்தார்.

ஆனாலும் கேட்டார்கள். 1893 பிப்ரவரி 16 அன்று கவுன்சிலில் முதல் கேள்வியைக் கேட்டவர் பிங்கா மகாராஜா. கேட்டது பட்ஜெட்டைப் பற்றியோ படையைப் பற்றியோ அல்ல, கிராமத்துக் கடைக்காரர்களைப் பற்றி. சுற்றுப்பயணம் வரும் அதிகாரிகளின் முகாமுக்கு அந்தந்த ஊர்க் கடைக்காரர்கள் சாமான் கொண்டுவந்து கொடுக்க வேண்டும் என்ற ஏற்பாடு இருந்தது. அதனால் அவர்கள் படும் பாடு அரசுக்குத் தெரியுமா என்பது விஷயம். துரை வந்து கூடாரம் அடித்தால் யாருடைய கடை காலியாகும் என்பது ஊருக்கே தெரியும். அதை அரசின் முன்னால், அச்சில் ஏறும்படி, ஒருவர் கேட்டது அதுதான் முதல் தடவை.

1909 சட்டம் இன்னும் ஓரடி இறங்கி வந்தது. கேள்வி கேட்டவர் மட்டும் பதிலிலிருந்து ஒரு துணைக் கேள்வி கேட்கலாம். 1919 சீர்திருத்தத்துக்குப் பிறகு எந்த உறுப்பினரும் கேட்கலாம் என்றாயிற்று. துணைக் கேள்வி சின்ன விஷயம் மாதிரி தெரியும், ஆனால் உயிரே அதில்தான். முதல் கேள்விக்குப் பதிலைச் செயலகத்தில் எழுதிக் கொடுத்துவிடுவார்கள். அடுத்ததற்கு அமைச்சர்தான் எழுந்து நின்று வாய் திறக்க வேண்டும்.

இதில் வேடிக்கை, இந்தச் சொல்லை இந்தியாவுக்குக் கொடுத்த பிரிட்டிஷார் தங்கள் சபையில் அதைப் புழங்கவில்லை. அங்கே வெறும் 'கொஸ்டின்'தான். பதிவான முதல் கேள்வி 1721 பிப்ரவரி 9 அன்று பிரபுக்கள் சபையில் கேட்கப்பட்டது: தென்கடல் கம்பெனி நொறுங்கியதும் நாட்டைவிட்டு ஓடிய அதன் காசாளர் ராபர்ட் நைட் பிரஸ்ஸல்ஸில் பிடிபட்டாரா? கேட்டவர் கௌப்பர் பிரபு. 1902-ல் கேள்விகள் குவியவே, வாய்மொழிப் பதில் வேண்டுபவர்கள் கேள்விக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி போட வேண்டும், மற்றதற்கெல்லாம் எழுத்தில் பதில் என்று விதி வந்தது. நம் நாடாளுமன்றத்தின் நட்சத்திரக் கேள்விக்கு மூலம் அந்தப் பொடி நட்சத்திரம்தான்.

பிரிட்டிஷ் சபையில் பதில் சொல்ல உள்நாட்டு விவகாரத்துக்கு ஓர் அமைச்சர், காலனிகளுக்கு இன்னொருவர், இந்தியாவுக்குத் தனியாக வேறொருவர். இலங்கையும் மலாயாவும் காலனி அலுவலகத்தின் கீழ். அதனால் ராமநாதபுரத்திலிருந்து கண்டிச் சீமைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போன ஒரு கூலித் தொழிலாளி, கடலைத் தாண்டியதும் அவரைப் பற்றிய கேள்விக்கு லண்டனில் பதில் சொல்லும் அமைச்சர் மாறிவிடுவார். ஆள் பிடித்த கதை ஒருவரிடம், தோட்டத்தில் பட்ட அடி மற்றவரிடம்.

சரி, தமிழில் என்ன சொல்வது? என் கணக்கில் இரண்டு சொல் தேவை. 1892-ல் வந்த உரிமைக்கு 'வினா எழுப்பும் உரிமை' போதும். தமிழ்நாடு சட்டமன்ற நிகழ்ச்சி நிரலிலும் 'வினாக்கள் - விடைகள்' என்றுதான் இருக்கிறது. 'கேள்வி நேரம்' என்பதும் நல்ல சொல், 'கேள்' என்றால் வினவு என்றும் பொருள், செவி கொடு என்றும் பொருள். திருக்குறளில் 'கேள்வி' அதிகாரம் முழுக்கக் காதால் கேட்பதைப் பற்றியதுதான். ஆனால் பாரிஸிலும் ஹெல்சிங்கியிலும் நடந்ததற்கு 'வினா' போதாது. அகராதி பார்த்து 'இடையீட்டு வினா' என்று எழுதலாம். எனக்கு அது பிடிக்கவில்லை. நம்மிடம் ஏற்கெனவே 'தட்டிக்கேட்டல்' இருக்கிறது. "தட்டிக்கேட்க ஆளில்லை" என்று தெருவில் ஒருவர் சொன்னால் அதில் நிறுத்துவது, கேட்பது, பொறுப்பாக்குவது மூன்றும் இருக்கும். அரசாணை நடைக்கு அது கொஞ்சம் முரடு என்பார்கள். இருக்கட்டும்.

விடைக்கும் ஒரு பழைய சொல் உண்டு: இறை. நன்னூல் விடை வகைகளை 'எண் இறை' என்கிறது. அரசனும் இறை, வரியும் இறை. வரியையும் இறுக்கலாம், அதாவது செலுத்தலாம்; விடையையும் இறுக்கலாம், அதாவது சொல்லலாம். அந்த எட்டு வகையைப் பள்ளியில் படித்தவர்கள் ஒருநாள் கேள்வி நேரத்தை உட்கார்ந்து பார்க்க வேண்டும். "இது செய்வாயா?" என்றால் "நீயே செய்" என்பது ஏவல் விடை. "அது மாநில அரசின் பொறுப்பு" என்று மத்திய அமைச்சர் சொல்வது அதுதான். "ஆடத் தெரியுமா?" என்றால் "பாடத் தெரியும்" என்பது இனமொழி விடை. பாலம் முடிந்ததா என்று கேட்டால் சாலைக்கு ஒதுக்கிய தொகையைப் பைசா சுத்தமாகச் சொல்வார்கள். எழுத்து விடைகளில் இப்படி ஒரு வடிவம் அடிக்கடி வரும்:

(அ) இல்லை.
(ஆ) எழவில்லை.
(இ) எழவில்லை.

முதல் பகுதிக்கு 'இல்லை' என்றாகிவிட்டால் அதைத் தொட்டு வந்த மற்ற கேள்விகள் எழவே இல்லை என்று பொருள். மூன்று வரியில் நன்னூலாரின் மறை விடை. "தகவல் திரட்டப்பட்டு வருகிறது, அவையின் முன் வைக்கப்படும்" என்ற விடை மட்டும் எட்டில் எதிலும் சேராது. இந்த ஒன்பதாவது வகையைத் துரத்திப் பிடிக்கவே மக்களவையில் 1953 முதல் அரசு உறுதிமொழிக் குழு என்று ஒன்று இருக்கிறது.

இலங்கை நாடாளுமன்றப் பேச்சுகளின் பதிவான ஹன்சாட்டைப் புரட்டினால் 'வினாக்களுக்கு வாய்மூல விடைகள்' என்ற தலைப்பைப் பார்க்கலாம். நாம் 'துணைக் கேள்வி' என்பதை அங்கே 'மேலதிக கேள்வி' என்பார்கள். 'வாய்மூலம்' நம்முடைய 'வாய்மொழி'யைவிடக் கச்சிதமாகப்படுகிறது, இங்கேயும் எடுத்துக்கொள்ளலாம். நட்சத்திரக் குறிக்கு 'உடுக்குறி' என்ற அழகான சொல் உண்டு, உடு என்றால் விண்மீன். ஆனால் 'உடுக்குறியிட்ட வினா' என்று எழுதினால் உடுப்பைப் பற்றிய கேள்வியா என்று கேட்க ஆள் வருவார்கள்.