இடுப்பு எலும்பு முறிவுக்கு 36 மணி நேரக் கெடு: இங்கிலாந்தின் கட்டண விதி

விழுந்து இடுப்பு எலும்பு முறிந்த முதியவருக்கு ஆபரேஷன் முடிந்ததும் வீட்டார் பெருமூச்சு விடுவார்கள். ஆனால் அது பாதிக் கிணறுதான். இங்கிலாந்தில் 2011-ல் வெளியான மருத்துவ வழிகாட்டியின் கணக்குப்படி, இப்படி முறிவு ஏற்பட்டவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவர் ஒரு மாதத்துக்குள்ளும், மூன்றில் ஒருவர் ஓராண்டுக்குள்ளும் இறந்துவிடுகிறார்கள். பெரும்பாலும் முறிவால் அல்ல, உடலில் இருக்கும் மற்றக் கோளாறுகளால். போதாக்குறைக்குப் படுக்கையில் கிடப்பதால் நிமோனியா, ரத்தக்கட்டி, படுக்கைப்புண் என்று ஒவ்வொன்றாக வரும்.

இதைக் கணக்கில் வைத்துத்தான் அங்குள்ள அரசு மருத்துவ சேவையான என்.எச்.எஸ். 2010 ஏப்ரலில் 'பெஸ்ட் பிராக்டிஸ் டாரிஃப்' என்ற விதியைக் கொண்டுவந்தது. 60 வயதோ அதற்கு மேலோ ஆனவருக்கு இந்தச் சிகிச்சை தரும் ஆஸ்பத்திரிக்கு அடிப்படைத் தொகை எப்படியும் கிடைக்கும். குறித்த நிபந்தனைகள் அத்தனையும் நிறைவேறினால்தான் கூடுதல் தொகை. நோயாளி கையிலிருந்து எதுவும் போவதில்லை. இது அரசுக்கும் ஆஸ்பத்திரிக்கும் இடையிலான கணக்கு.

முதல் நிபந்தனை, 36 மணி நேரத்துக்குள் ஆபரேஷன். அவசரப் பிரிவுக்குள் வந்த நேரத்திலிருந்து கடிகாரம் ஓடும். ஏற்கெனவே வார்டில் இருப்பவர் விழுந்தால், முறிவைக் கண்டுபிடித்த நேரத்திலிருந்து. அடுத்து, 72 மணி நேரத்துக்குள் முதியோர் மருத்துவர் வந்து பார்க்க வேண்டும். எலும்பு டாக்டர் எலும்பைப் பார்ப்பார். சர்க்கரை, இதயம், பத்து வகை மாத்திரை இதையெல்லாம் சேர்த்துப் பார்க்க இன்னொருவர் வேண்டுமே.

மனக்குழப்பத்துக்கும் தனிச் சோதனை உண்டு. ஆபரேஷனுக்குப் பிறகு பல முதியவர்கள் இரவும் பகலும் புரியாமல் பிதற்றுவார்கள், அல்லது பேச்சே இல்லாமல் சுருண்டு கிடப்பார்கள். அமைதியாகக் கிடப்பவரை எளிதாகக் கவனிக்காமல் விட்டுவிடலாம். அதனால் வயது என்ன, இது எந்த இடம், என்ன வருடம் என்று கேட்கிறார்கள். டிசம்பரிலிருந்து பின்னோக்கி மாதங்களைச் சொல்லச் சொல்கிறார்கள்.

சாப்பாடு, எலும்புத் தேய்மானம், மறுபடி விழும் ஆபத்து ஆகியவற்றையும் மதிப்பிட வேண்டும். எழுந்து நடக்கப் பயிற்சி தரும் பிசியோதெரபிஸ்ட் ஆபரேஷன் நாளிலோ மறுநாளோ வந்து பார்க்க வேண்டும் என்பது 2017-ல் சேர்ந்தது. ஆபரேஷன் 20 மணி நேரத்தில் முடிந்திருக்கலாம். மறுநாள் ஞாயிறு, பிசியோ வரவில்லை என்றால் அந்த நோயாளிக்கான கூடுதல் தொகை முழுதும் போச்சு. கறார்தான். ஆனால் விட்டுக்கொடுத்தால் முதலில் விடுபடுவதும் இந்த நடைப்பயிற்சிதான்.

சரி, பலன் உண்டா? இந்த விதி இல்லாத ஸ்காட்லாந்தோடு ஒப்பிட்ட ஆய்வில், 2010-க்குப் பிறகு இங்கிலாந்தில் இறப்பு கூடுதலாகக் குறைந்திருந்தது. எல்லாப் பெருமையும் பணத்துக்கே போகாது. 2007-ல் தொடங்கிய தேசியப் பதிவேடு ஒன்று ஒவ்வொரு ஆஸ்பத்திரியின் கணக்கையும் வெளியே வைக்கிறது. நோயாளி வீடு திரும்பினாரா, எலும்பு மருந்தைத் தொடர்கிறாரா என்று 120-வது நாளிலும் அதில் பதிகிறார்கள்.